பள்ளிக்கூடம் இல்லாத தலைமை ஆசிரியர்
தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வும் பணியும்

தலைமை ஆசிரியர் என்னும் பெயரை இந்நாட்டில் எத்தனையோ பேர் தாங்கியிருக்கிறோம். நமக்கு ஓர் அறை உண்டு, மேசை உண்டு, வருகைப் பதிவேடும் சுற்றறிக்கைக் கோப்பும் உண்டு. இவற்றுள் ஒன்றும் இல்லாமல், ஊர் ஊராகக் கொட்டகை போட்ட இடமே பள்ளியாகவும், சாயம் பூசிய சிறுவர்களே மாணவராகவும் கொண்டு, 'தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர்' என்ற பெயரைப் பெற்றவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். அவருடைய மாணவருள் ஒருவரான தி. க. சண்முகம் தம் ஆசானைப் பற்றி எழுதிய நூலுக்கு அப்பெயரையே தலைப்பாகச் சூட்டினார்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு நாடகம் தேடிக்கொண்டிருந்த இளம் ஆசிரியை ஒருவர், "ஐயா, வள்ளி திருமணம் என்று ஒரு நாடகம் இருக்கிறதாமே, அதை எழுதியது யார்?" என்று என்னிடம் கேட்டார். பெயரைச் சொன்னேன். "அவர் நடிகரா, புலவரா, சாமியாரா?" என்று மீண்டும் கேட்டார். மூன்றும்தான் என்று விடை சொல்லிவிட்டேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அக்கேள்விக்கு முறையாக விடை கூற முயல்வதே இக்கட்டுரை.

பிறப்பும் கல்வியும்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரத் தேவர் தமிழ் கற்றவர்; இராமாயணத்தில் தோய்ந்தவர். 'இராமாயணப் புலவர்' என்றே ஊரார் அவரை அழைத்தனர். ஆகவே சிறுவன் சங்கரனுக்கு முதல் பள்ளி வீட்டுத் திண்ணையாகவும், முதல் ஆசிரியர் தந்தையாகவும் அமைந்தது இயல்பே.

பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் அவர் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயரும் அவரிடம் பயின்றவரே. அக்கவிராயரின் மாணவர்தாம், பிற்காலத்தில் திரைப்படப் பாடல்களால் புகழ்பெற்ற உடுமலை நாராயண கவி. ஓர் ஆசானின் நிழல் எத்தனை தலைமுறைக்கு நீள்கிறது என்பதை இதனால் அறியலாம். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாட்டும் இயற்றும் ஆற்றல் சங்கரனுக்கு வாய்த்துவிட்டது.

ஆனால் வெண்பா வயிற்றை நிரப்புமா? சிறிது காலம் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராக வேலை பார்த்தார். பகலெல்லாம் மூட்டைக் கணக்கு. மனமெல்லாம் யாப்புக் கணக்கு. இந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. 24ஆம் வயதில் அவ்வேலையை உதறிவிட்டு நாடகத் துறையில் புகுந்தார்.

1891ஆம் ஆண்டின் இரு வாயில்கள்

அவர் நாடகம் புகுந்த 1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் குறிக்கத்தக்கது. அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 'சுகுண விலாச சபை'யைத் தோற்றுவித்தார். முதலியார் ஆங்கிலம் கற்றவர்; வழக்கறிஞராகிப் பின் நீதிபதியாகவும் விளங்கியவர். அவருடைய சபையில் நடித்தவர்கள் படித்தவர்கள், அலுவலர்கள், ஓய்வு நேரத்தில் கலைக்காக நடித்தவர்கள். உரைநடையே அவர்தம் நாடகங்களின் உயிர்.

சுவாமிகள் நுழைந்த வாயிலோ வேறு. அது வயிற்றுக்காக நடிப்பவர்களின் உலகம். கூத்தாடி என்ற சொல் வசைச் சொல்லாக வழங்கிய காலம் அது. நடிகனுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பது அரிது. பெண் கிடைப்பது அதனினும் அரிது. தெருக்கூத்து ஒருபுறம் இருக்க, பார்சி நாடகக் குழுக்களின் முறையைத் தழுவி, திரைச்சீலை, பக்கத் தட்டி, ஆர்மோனியம் ஆகியவற்றுடன் கொட்டகை நாடகம் அப்போது தமிழகத்தில் வேர்கொள்ளத் தொடங்கியிருந்தது. தஞ்சையில் நவாப் கோவிந்தசாமி ராவ் நடத்திய மனமோகன நாடகக் கம்பெனி இவ்வகையில் முன்னோடியாக விளங்கியது.

அக்காலக் கம்பெனி நாடகத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கதை எல்லாருக்கும் தெரியும். பாட்டும் ஓரளவு அமைந்திருக்கும். ஆனால் உரையாடல் எழுதி வைக்கப்பட்டிராது. மேடையில் ஏறியவர் வாய்க்கு வந்ததைப் பேசுவார். திறமையாளன் பேசினால் சுவைக்கும். திறமையற்றவன் பேசினால் கதை காட்டுக்குள் போய்விடும். கைத்தட்டல் கிடைக்கும் இடத்தில் ஒரு நடிகர் நெடுநேரம் நின்றுகொண்டால், அடுத்தவர் திரை மறைவில் காத்திருக்க வேண்டியதுதான். தமிழ் கற்ற ஒருவர் இவ்வுலகில் வந்து சேர்ந்தது தமிழ் நாடகத்தின் நற்பேறு என்றே கூறலாம்.

அஞ்ச வைத்த நடிகர்

இராமுடு ஐயர், கல்யாணராம ஐயர் ஆகியோரின் குழுவில் சுவாமிகள் முதலில் சேர்ந்தார். எழுதுவதும் பயிற்றுவதும் மட்டும் அல்லாமல் நடிக்கவும் செய்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களே அவருக்குரியவை. உயரிய உருவமும் கனத்த குரலும் உடைய அவர் மேடையில் தோன்றினால், பார்ப்பவர் நடுங்குவர் என்று அவர் காலத்தார் கூறுவர்.

அவர் நடிப்பை விட்டமைக்குக் காரணமாக இரு நிகழ்ச்சிகள் வழங்கிவருகின்றன. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு, விடியற்காலையில் சாயத்தைக் கழுவ நீர்நிலைக்குச் சென்றபோது, அங்கு வந்த சலவைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி அக்கோலத்தைக் கண்டு அஞ்சி உயிர்விட்டாள் என்பது ஒன்று. சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமனாக வந்து அவர் முழங்கியபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண் ஒருத்தியின் கரு கலைந்தது என்பது மற்றொன்று. இவை நடந்தவாறே நம்மிடம் வந்து சேர்ந்தனவோ, வாய்வழியே வளர்ந்து வந்தனவோ, எவ்வாறாயினும் ஓர் உண்மையை இவை காட்டுகின்றன. கைத்தட்டலைப் பெருக்கிக்கொள்வது நடிகனின் இயல்பு. தன் ஆற்றல் பிறருக்குத் தீங்காகும் என்று கண்ட அளவில் அதை விட்டு விலகினார் என்று ஒருவரைப் பற்றி மக்கள் கதை சொல்கிறார்கள் என்றால், அவர் எத்தகையவர் என்று மக்கள் மதித்திருந்தனர் என்பது விளங்கும்.

நடிப்பை விட்டாரே ஒழிய நாடகத்தை விடவில்லை. சாமி நாயுடு என்பாரின் குழுவில் ஆசிரியராகவும் சூத்திரதாரராகவும் அமர்ந்தார். சூத்திரதாரர் என்பவர் நாடகத்தின் தொடக்கத்தில் தோன்றிக் கதையையும் பாத்திரங்களையும் அவையோர்க்கு அறிமுகம் செய்பவர். அவையை ஆளும் நாவன்மையும் புலமையும் உடையாரே அவ்விடத்தில் நிற்க முடியும்.

துறவும் தாளமும்

இடையில் உலகியல் வாழ்வில் அவருக்கு உவர்ப்புத் தோன்றிற்று. நாடகத்தையும் துறந்து, திருத்தலங்கள்தோறும் சென்று வழிபடலானார். சங்கரதாஸ், 'சுவாமிகள்' ஆனது இக்காலத்தில்தான். இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

இவ்வாறு சுற்றி வருகையில் புதுக்கோட்டையை அடைந்தார். அங்கே கஞ்சிராவில் தலைசிறந்து விளங்கிய மகாவித்துவான் மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்று ஆதரித்தார். அவரிடமிருந்து சுவாமிகள் தாள நுட்பங்களைக் கற்றறிந்தார். யாப்பறிந்தவர் தாளமும் அறிந்தால் பாட்டு எப்படி அமையும் என்பதற்குச் சுவாமிகளின் நாடகப் பாடல்களே சான்று. புலவர் எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடகர் மெட்டுக்காக வெட்டி ஒட்டும் இடர்ப்பாடு அவர் பாடல்களுக்கு நேரவில்லை. எழுதும்போதே அவை தாளத்தில் நடந்துகொண்டிருந்தன.

மான்பூண்டியா பிள்ளையே அவரை மீண்டும் நாடகத்தின்பால் திருப்பியவர் என்பர். வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர், வேலு நாயர் ஆகியோரின் குழுக்களில் அவர் ஆசிரியராக இருந்தார். முதலாளிகளின் பெயர்களுக்கு முன்னால் வள்ளியும் அல்லியும் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். நாடகத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்ட காலம் அது.

நூலாசிரியர்

சுவாமிகள் எழுதியவை ஏறத்தாழ 40 நாடகங்கள். இன்று நூலாகக் கிடைப்பவை அதனினும் குறைவு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, நல்லதங்காள், பிரகலாதன், இலவகுசா, சுலோசனா சதி, சதி அனுசூயா, அபிமன்யு சுந்தரி முதலியன பலரும் அறிந்தவை. மணிமேகலையும் பிரபுலிங்க லீலையும் நாடகமாயின. வடமொழியிலிருந்து மிருச்சகடியும், சேக்சுபியரிடமிருந்து ரோமியோ ஜூலியத்தும் சிம்பலைனும் வந்தன. புராணம், காப்பியம், நாட்டுக்கதை, மேலைநாட்டு நாடகம் என நான்கு திசையிலிருந்தும் அவர் கதை கொண்டார்.

அவருடைய நாடகத்தின் அமைப்பை ஆசிரியர்களாகிய நாம் கருதிப் பார்க்க வேண்டும். வெண்பா, விருத்தம், கலித்துறை ஆகிய இலக்கிய யாப்புகள் ஒருபுறம். சிந்து, கும்மி முதலிய மக்கள் பாட்டுகள் மறுபுறம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை வடிவம் மற்றொருபுறம். அக்காலத்தில் மக்கள் விரும்பிய பார்சி மெட்டுகள் இன்னொருபுறம். இவ்வனைத்தையும் அவர் ஒரே கதைக்குள் இழைத்தார். அரசன் பேசும்போது ஒரு யாப்பு. வேடன் பேசும்போது வேறொரு யாப்பு. பாட்டின் நடையைக் கொண்டே பாத்திரத்தின் நிலையை அவையோர் உணர்ந்தனர். இடையிடையே திருக்குறளின் கருத்தும் அறநூல்களின் கருத்தும் எளிய தமிழில் கலந்து வரும்.

உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது 1892இல். அப்பதிப்பைக் கையில் எடுத்துப் படிக்கக் கூடியவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? எழுதப் படிக்கத் தெரியாத உழவரும் நெசவாளரும் கோவலனையும் கண்ணகியையும் அறிந்தது கூத்திலும் கொட்டகையிலும்தான். இந்நாட்டிலும் அப்படியே. என் பாட்டியார் கையெழுத்துப் போட அறியாதவர். பால்மரக் காட்டில் உழைத்தவர். நல்லதங்காள் கதையை அவர் சொல்லும்போது, இடையிடையே பாட்டாகவே பாடிச் சொல்வார். அப்பாட்டுகள் எந்தக் கொட்டகையில் பிறந்து எவர் வாய்வழியே கப்பலேறின என்று அவரும் அறியார். அன்று நானும் கேட்டு வைக்கவில்லை.

சுவாமிகளின் சொல்லாற்றலுக்கு எடுத்துக்காட்டாக ஒரு செய்தி வழங்குகிறது. கோவலன் நாடகத்தில், மதுரைக்குப் போகவேண்டாம் என்று தடுக்கும் பாட்டில், மதுரை 'மாபாவி'யர் வாழும் ஊர் என்று பொருள்படும் சொல் ஒன்று வருகிறது. மதுரையிலேயே அந்நாடகம் நடந்தபோது, எங்கள் ஊரைப் பழிப்பதா என்று அவையோர் சினந்தனர். சுவாமிகள் பதறவில்லை. "மா என்பது திருமகள்; பா என்பது கலைமகள்; வி என்பது மலைமகள். முப்பெருந்தேவியரும் கூடி வாழும் ஊர் என்றல்லவா பாடினேன்!" என்னும் கருத்துப்பட விளக்கினாராம். சினந்தவர்களே கைதட்டினார்கள். சொல்லைப் பிரித்துப் பொருள்காணும் பயிற்சியை வகுப்பில் கற்பிக்கிறோம். மாணவர் கொட்டாவி விடுகிறார்கள். அதையே மேடையில் வைத்துச் சினந்த கூட்டத்தைச் சிரிக்க வைத்த ஆசிரியரை என்னென்பது!

சிறுவர்களின் ஆசான்

இனி அவர் வாழ்வின் தலையாய பகுதிக்கு வருவோம்.

எழுதிய பாடத்தை எழுதியவாறே பேச வேண்டும் என்பது சுவாமிகளின் கொள்கை. பெயர்பெற்ற நடிகர்களோ அதற்கு உடன்படுவதில்லை. தமக்கெனக் கூட்டம் வருவதை அறிந்தவர்கள் ஆசிரியர் சொல்லுக்கு ஏன் கட்டுப்படுவார்கள்? வளைந்து முதிர்ந்த மரத்தை நிமிர்த்த முடியாது என்று கண்ட சுவாமிகள் நாற்றங்காலுக்கே போனார். சிறுவர்களைக் கொண்டு நாடகக் குழு அமைக்கும் முறை இவ்வாறு வலுப்பெற்றது.

1910ஆம் ஆண்டில் 'சமரச சன்மார்க்க நாடக சபை' என்ற குழுவைச் சுவாமிகள் அமைத்தார். பின்னாளில் இசையால் தமிழகத்தை ஈர்த்த எஸ். ஜி. கிட்டப்பா சிறுவனாகப் பயின்ற இடம் அது. பிறகு செகந்நாத ஐயரின் 'பால மீன ரஞ்சனி சங்கீத சபை'யில் ஆசிரியராக இருந்தார். 1918இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை' தோன்றியது. அவ்வாண்டில்தான் கண்ணுசாமிப் பிள்ளை என்னும் நடிகர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சுவாமிகளிடம் சேர்த்தார். அவர்களுள் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. தி. க. ச. சகோதரர்கள் எனப் பின்னர்ப் புகழ்பெற்றவர்கள் அவர்களே.

கம்பெனியில் ஆசிரியரை 'வாத்தியார்' என்றே அழைப்பர். வாத்தியார் வேலை எழுதிக் கொடுப்பதோடு முடிவதன்று. ஒவ்வொரு சிறுவனுக்கும் பாடம் வாய்மொழியாக ஏற்றப்படும். அவன் ஒப்பிக்க வேண்டும். லகரம் ளகரம் ழகரம் பிறழக்கூடாது. பாட்டின் சந்தம் முறியக்கூடாது. அதன் பின்னரே கை அசைவும் நடையும். எழுத்தறியாமல் வந்த சிறுவர்கள் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் சுமந்து நின்றனர். ராஜபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, பபூன் என எவ்வேடம் புனைந்தாலும், எல்லாப் பாத்திரங்களின் பாடமும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் வேடம் கட்டிக்கொள்வான்.

'அபிமன்யு சுந்தரி' தோன்றிய வரலாறு சுவாமிகளின் இருவகை ஆற்றலையும் ஒருங்கே காட்டுவது. சிறுவன் சண்முகத்தை அபிமன்யுவாக மேடையேற்ற அவர் எண்ணினார். ஒரு மாலையில் எழுத அமர்ந்தார். விடிவதற்குள், ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுடன் எழுதி முடிக்கப்பட்டிருந்தது. தி. க. சண்முகம் தம் எழுத்தில் வியந்து பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது. ஓர் இரவில் எழுதினார் என்பதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது வேறு. பாத்திரத்துக்கு ஏற்ற பையனை அவர் தேடவில்லை; கையில் இருந்த பையனுக்கு ஏற்ற பாத்திரத்தைப் படைத்தார். அவன் குரல் எட்டும் உயரம், அவன் மூச்சு தாங்கும் நீளம், அவன் நாவுக்கு எளிதாக வரும் சொல் ஆகிய இவற்றையெல்லாம் அறிந்த ஒருவரே அவ்வாறு எழுத முடியும். பயிற்சிக் கல்லூரியில் 'மாணவனை அறிந்து கற்பி' என்று எங்களுக்கு எத்தனையோ முறை சொன்னார்கள். அதன் பொருள் இதுதான்.

மறுபக்கம்

புகழை மட்டும் எழுதிவிட்டு நிற்பது ஆசிரியனுக்கு அழகன்று. பாலர் நாடக சபைகளின் மறுபக்கத்தையும் கூற வேண்டும்.

அச்சிறுவர்களுள் பெரும்பாலோர் வறுமையால் வந்தவர்கள். வீட்டில் ஒரு வாய்ச் சோறு குறையட்டும் என்றே பெற்றோர் கம்பெனியில் விட்டனர். இரவு முழுதும் நடிப்பு, பகலில் பாடம். தாயின் முகம் காணாமல் ஆண்டுகள் கழிந்தன. அடி உதை பல கம்பெனிகளில் இயல்பான வழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக 'மகரக்கட்டு' என்ற ஓர் அச்சம் இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளையின் குரல் உடையும். நேற்று வரை கொட்டகையை நிறைத்த பாட்டு இன்று கரகரக்கும். அதுவரை கொண்டாடப்பட்ட சிறுவன், திரை இழுக்கவும் எடுபிடி வேலை செய்யவும் தள்ளப்படுவான். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது. பள்ளிப் படிப்பும் இல்லை. புகழ்பெற்ற நடிகர்களின் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. மகரக்கட்டில் மறைந்தவர்களின் பெயர்களை எந்த ஏடும் வைத்திருக்கவில்லை.

சுவாமிகள் கருணையுள்ளவர் என்றே அவர் மாணவர்கள் எழுதியுள்ளனர். ஆயினும் அவர் வகுத்த முறை அவருக்குப் பின் பலர் கையில் பிழைப்புக்குக் கருவியாயிற்று. நல்ல ஆசிரியர் கண்ட முறை, ஆசிரியர் அல்லாதார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை. சுவாமிகளைப் போற்றுவோர் இதையும் மறத்தல் ஆகாது.

இறுதிக் காலம்

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தன, பேச்சும் தடைப்பட்டது. எத்தனை எத்தனையோ சிறுவர்களுக்குச் சொல்லேற்றிய நாவுக்குச் சொல் அகப்படவில்லை. எழுதிய கை எழவில்லை. குழுவினர் அவரைத் தம்முடனேயே வைத்துப் பேணினர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், குழு புதுச்சேரியில் இருந்தபோது அவர் மறைந்தார். அங்குள்ள கருவடிக்குப்பத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடத்தில் ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் கூடி அவருக்கு வழிபாடு நடத்துகின்றனர். மதுரையில் தமுக்கம் அருகே அவருக்குச் சிலை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் விட்டுச் சென்றவை

அவர் மறைந்த மூன்றாம் ஆண்டில், 1925இல், தி. க. ச. சகோதரர்கள் தாமே ஒரு சபை தொடங்கினர். அச்சபையில் வளர்ந்தவர்களுள் என். எஸ். கிருஷ்ணனும் ஒருவர். எம். ஜி. இராமச்சந்திரன், எம். ஆர். இராதா, சிவாஜி கணேசன் எனத் திரையுலகில் ஒளிவிட்ட பலரும் பாலர் நாடகக் குழுக்களில் தமிழ் உச்சரிப்புப் பயின்று வந்தவர்களே. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த மேடையில் உயிர்பெற்றவையும் பெரும்பாலும் சுவாமிகளின் நாடகங்களே. கிட்டப்பா 1933இல், 27 வயதிலேயே மறைந்தார் என்பது தமிழ் மேடையின் ஆறாத் துயரம்.

இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு வகை இன்றும் திருவிழாக்களில் இரவு முழுதும் நடைபெறுகிறது. அதில் முருகனாக நடிப்பவர் ஓர் ஊர். வள்ளி வேறோர் ஊர். நாரதர் மற்றோர் ஊர். ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். அவர்கள் முன்கூட்டிக் கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. அன்று மாலை வந்து சேர்ந்து, சாயம் பூசி, மேடை ஏறுகிறார்கள். நாடகம் பிழையின்றி நடக்கிறது. எப்படி? எல்லாரும் படித்த பாடம் ஒன்று. அது சுவாமிகளின் பாடம். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தருக்கத்தில் அவரவர் தம் புலமையைக் காட்டிக் கூட்டியும் குறைத்தும் பேசுவர். ஆனால் திரும்பி வந்து நிற்கும் இடம் சுவாமிகளின் பாட்டுத்தான். வாய்க்கு வந்ததைப் பேசாதே, எழுதியதைப் பேசு என்று போராடிய ஆசிரியரின் எழுத்து, ஒத்திகை இன்றி நாடகம் ஆடுவதற்கே அடிப்படையாகிவிட்டது. அதைக் கண்டால் அவர் சிரிப்பாரா, சினப்பாரா என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. என் கருத்து, முதலில் சினந்து பின் சிரித்திருப்பார் என்பதே.

நமக்கு என்ன?

இறுதியாக, என் சொந்தக் குறை ஒன்றைக் கூறி முடிக்கிறேன்.

பயிற்சி முடித்து வந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியில் அரிச்சந்திரன் நாடகத்தை நான் மேடையேற்றினேன். நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்தேன். நான்காம் வகுப்பில் ஒரு பையன். செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவரின் மகன். அவனுக்குத் திக்குவாய். "நீ திரையை இழு" என்று சொல்லி நிறுத்திவிட்டேன். விழா இரவில், அரிச்சந்திரனாக நின்ற பிள்ளை நடுவில் சொல் மறந்து விழித்தான். திரையோரத்திலிருந்து அடுத்த அடி தெளிவாகக் கேட்டது; அதற்கடுத்த அடியும் கேட்டது. சொன்னவன் அந்தத் திக்குவாய்ப் பையன். முழு நாடகமும் அவனுக்கு மனப்பாடம். பாட்டாக வந்த இடத்தில் அவனுக்குத் திக்கவும் இல்லை.

நான் என்ன செய்தேன்? மேலாளரும் பெற்றோரும் அமர்ந்திருக்கிறார்கள். குரல் வெளியே கேட்டுவிட்டதே என்று, நாடகம் முடிந்ததும் அவனைக் கடிந்துகொண்டேன். மறு ஆண்டு அவன் நாடகத்தின் பக்கமே வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சுவாமிகளைப் பற்றிப் படித்தபோதுதான், என் கையில் வந்த அபிமன்யுவை நான் திரைக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன் என்பது உறைத்தது. கொட்டகைக்காரர்கள் மகரக்கட்டு வந்தவனைத்தான் திரை இழுக்கவிட்டார்கள். நானோ பாடத் தெரிந்தவனையே விட்டேன்.

நாடகம் போட நேரமில்லை, தேர்வு இருக்கிறது என்று நாம் நெடுங்காலம் சொல்லி வந்தோம். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் அதையே சொல்வதற்கில்லை. தோட்டப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று வருந்துகிறோம். வருந்தத்தக்கதுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஒரு நன்மையும் உண்டு: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாத்திரம் எழுதலாம். கூட்டத்தில் நிற்பவர் என்று ஒருவரும் இருக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்ட அந்த இளம் ஆசிரியைக்கு இப்போது என் விடை இதுதான். அம்மா, அவர் நடிகர், புலவர், துறவி, தாளம் அறிந்தவர், குழுவை நடத்தியவர். இத்தனையும் ஒரு வேலைக்காகவே அவரிடம் வந்து சேர்ந்தன. ஒரு சிறுவனைப் பார்த்து, இவன் வாயில் எந்தத் தமிழ் நன்றாக ஒலிக்கும் என்று கண்டு, அதை எழுதிக் கொடுக்கும் வேலை அது. அவருக்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. நமக்கு ஓராண்டு இருக்கிறது. இவ்வாண்டு நம் பள்ளி நாடகத்தை, வாசிக்கத் தடுமாறும் பிள்ளையிலிருந்து தொடங்கி எழுதுவோம்.